மரைக்குழலா, வழவழக் குழலா? ஆவடி டாங்கியில் ஒரு சிக்கல்!

திருவள்ளூர் மாவட்டம் ஆவடியில் தயாராகி ராணுவத்தில் உள்ள டாங்கிகளில் இரண்டு ரகங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, ரஷிய வடிவமைப்பான டி-90 ‘பீஷ்மா’. மற்றொன்று, ஆவடி ஆராய்ச்சி நிலையமே வடிவமைத்த ‘அர்ஜுன்’.

அர்ஜுனின் பீரங்கிக் குழல் 120 மில்லிமீட்டர். உள்ளே ‘ரைபிளிங்’ உண்டு. பீஷ்மாவின் குழல் 125 மில்லிமீட்டர். உள்ளே வழவழப்பு!

ரைபிளிங் என்றால்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லேத் ஓட்டுகிறவருக்குச் சட்டென்று பிடிபடும் சங்கதிதான். நட்டுக்குள் மரை ஓடுகிறதல்லவா? அதுபோலக் குழலின் உட்புறம் சுற்றி ஓடும் பள்ளம். ஆனால் மரை மாதிரி நெருக்கமாக இராது; நீளவாக்கில் மெல்லத் திரும்பும்.

குண்டு அந்தப் பள்ளத்தைக் கவ்விக்கொண்டு பம்பரமாகச் சுழன்று பாயும். சுழலுகிற குண்டு குப்புறக் கவிழாது. ‘ரைபிள்’ என்ற பேரே இதனால் வந்ததுதான். 1965 முதல் ஆவடியில் செய்த ‘விஜயந்தா’வின் 105 மில்லிமீட்டர் குழலிலும் இதே மரைதான்.

பிறகு ஏன் வழவழப்பு?

எதிரி டாங்கியின் கவசத்தைத் துளைக்க இன்று அம்பு போன்ற ஒல்லிக் குண்டு வந்துவிட்டது. அதன் வால் சிறகே அதை நேராகக் கொண்டுபோகும். ரொம்பச் சுழன்றால் கெடுதல்! மரைக்குழலில் அதைச் சுட, சுழற்சியைக் குறைக்க நழுவு வளையம் மாட்ட வேண்டும்.

ஆனால் பதுங்குகுழியைத் தகர்க்கும் ‘ஹெஷ்’ குண்டுக்குச் சுழற்சி கைகொடுக்கும். அது சுவரில் அப்பிக்கொண்டு வெடிக்கும். அர்ஜுனில் மரை இருப்பதற்கு இது முக்கிய காரணம்.

கடன் கிடையாது!

சிக்கல் எங்கே? களத்தில் அர்ஜுனுக்குக் குண்டு தீர்ந்தால், பக்கத்தில் நிற்கும் பீஷ்மாவிடம் ஒண்ணுகூட வாங்க முடியாது. தனிக் குண்டு, தனிக் கிடங்கு, தனி உற்பத்தி.

டி-72, டி-90 டாங்கிகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அர்ஜுனோ முதலில் 124தான். 2021 செப்டம்பரில் மேலும் 118-க்கு 7,523 கோடி ரூபாயில் ஆர்டர் தரப்பட்டது. கொஞ்ச டாங்கிக்காகத் தனிக் குண்டு செய்தால் செலவு ஏறத்தானே செய்யும்?

மரைக்குழலை விடாமல் வைத்திருந்த பிரிட்டனே ‘சாலஞ்சர் 3’ டாங்கியில் வழவழக் குழலுக்கு மாறுகிறது. அதற்காக டாங்கியின் மேற்கூட்டையே புதிதாகச் செய்கிறார்கள்.

அடுத்த இந்திய டாங்கிக்கு எந்தக் குழல் என்பதை வரைபடத்திலேயே முடிவு செய்துவிட்டால், அந்தச் செலவு மிச்சம்.