கதண்டு கொட்டினால்தான் வருவார்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் தெருக்கோடிப் பனையில் ஆடி மாதம் கதண்டுக் குளவி கூடு வைத்தது. அப்போது அது தேங்காய் அளவுதான். அன்றே ஊராட்சியில் சொன்னேன். “தீயணைப்பு நிலையத்துக்குப் பேசுங்கம்மா” என்றார்கள். அங்கே பேசினால், “யாரையாவது கொட்டியிருக்கா? இல்லைன்னா ஊராட்சியில எழுதி வாங்கிட்டு வாங்க” என்றார்கள். எழுதித் தரவேண்டிய செயலரைப் பார்க்க மூன்று முறை நடந்தேன். ஐப்பசிக்குள் கூடு தவலை அளவுக்குப் பெருத்துவிட்டது.

ஒருநாள் காற்றில் காவோலை ஒன்று கூட்டை உரசிக்கொண்டு விழுந்தது. கீழே ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்காவை அத்தனையும் மொய்த்துக்கொண்டன. அன்று இரவே தீயணைப்பு வண்டி வந்தது. அரைமணி நேரத்தில் கூடு இல்லை. இருட்டில் ஏணி வைத்து ஏறிய அந்தப் பிள்ளைகளைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அந்த அரைமணி நேர வேலையை ஆடியிலேயே செய்திருக்கக் கூடாதா?

அக்காவுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் சிறுநீர் கறுத்து, பிறகு நின்றே போனது. பெரிய மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்துதான் மீட்டார்கள். நிறையக் கொட்டு வாங்கினால் அந்த விஷம் தசையையும் ரத்த அணுக்களையும் சிதைத்துச் சிறுநீரகத்தைப் பாழாக்கும் என்று அங்குள்ள மருத்துவர் விளக்கினார். முதல் நாளே உள்நோயாளியாக வைத்துக் கவனித்திருக்க வேண்டாமா? ஒவ்வாமை உள்ளவர்களுக்கோ ஒரே கொட்டில் மூச்சு அடைத்துவிடும். உடனே அட்ரினலின் ஊசி போட்டாக வேண்டும். அதற்கு 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரிய மருத்துவமனைக்குப் போக நேரமிருக்காது.

அலைந்து சலித்தவர்கள் தாங்களே பந்தம் கட்டி ஏறுகிறார்கள். எங்கள் தெருப் பையன்களும் மண்ணெண்ணெயோடு கிளம்பினார்கள். நான்தான் மறித்து நிறுத்தினேன். தேனீ ஒருமுறை கொட்டினால் கொடுக்கை இழந்து செத்துப்போகும். கதண்டு திரும்பத் திரும்பக் கொட்டும். ஒன்றை நசுக்கினால் அந்த வாடைக்கே மற்றவை பாய்ந்து வரும். காய்ந்த ஓலையில் தீப்பிடித்தால் பக்கத்துக் கூரை வீடுகள் என்ன ஆவது?

எல்லாக் குளவியையும் ஒழிக்கச் சொல்லவில்லை. நிலைக்கதவில் குளவி மண்கூடு வைத்தால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று கலைக்காமல் விடுகிறவர்கள் நாங்கள். கதண்டுகூடப் பயிரைத் தின்னும் புழுவைப் பிடித்துப் போகிறது. ஆள் போகாத புதரில் இருந்தால் இருக்கட்டும். பள்ளி, அங்கன்வாடி, குளத்துப் படித்துறை, நூறு நாள் வேலைக்குப் பெண்கள் இறங்கும் வாய்க்கால் கரை, இந்த இடங்களையாவது வேலைக்கு முன்பு ஒருவர் அண்ணாந்து பார்க்கக் கூடாதா? கூடு கண்டவர் ஒரு போன் செய்தால் போதும், யாரையும் கொட்டியிருக்க வேண்டியதில்லை என்று மாவட்ட நிர்வாகம் எழுத்தில் உத்தரவிட வேண்டும். எந்த அலுவலகத்தின் பொறுப்பு என்பதும் அதிலேயே இருக்க வேண்டும்.

இப்போது குடிநீர்த் தொட்டியின் ஏணிக்கு அடியில் புதிதாக ஒரு கூடு தொங்குகிறது. எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கிறது. பத்தடி தள்ளி அங்கன்வாடி. திங்கட்கிழமை மனு கொடுத்துவிட்டேன். இதை எழுதும்வரை யாரும் வரவில்லை.

இப்படிக்கு,
காவிரிக் கடைமடைக் கிராமத்து வாசகி