பன்றி இல்லாத டம்ப்ளிங் எல்லாம் ஹலால் ஆகிவிடுமா?



சிங்கப்பூரில் வாழும் நம் குடும்பங்களில், விடுமுறை நாள் வந்துவிட்டால் பிள்ளைகள் கேட்பது இப்போதெல்லாம் பிரியாணியை அன்று, டம்ப்ளிங்கை. மெல்லிய மாவுத் தோலுக்குள் இறைச்சியையோ இறாலையோ பூரணமாக வைத்து, மூங்கில் கூடையில் ஆவியில் வேகவைத்துத் தரும் அந்தச் சீனப் பண்டம் இத்தலைமுறையின் நாவில் இடம்பிடித்துவிட்டது. அதில் குற்றம் ஒன்றுமில்லை. அதை எந்தக் கடையில் உண்பது என்று நாம் தீர்மானிக்கும் முறையில்தான் குற்றம் இருக்கிறது. அதைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே பேச விரும்புகிறோம். அந்தக் கடுமை முதலில் எங்கள் மீதே விழ வேண்டும் என்பதால், எங்கள் வீட்டுக் கதையிலிருந்தே தொடங்குகிறோம்.

எங்கள் வீட்டுக்கு அருகில் ஒரு டம்ப்ளிங் கடை இருந்தது. அதன் வாசலில் 'நோ போர்க், நோ லார்ட்' என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை. பன்றி இறைச்சியும் இல்லை, பன்றிக் கொழுப்பும் இல்லை என்பது அதன் பொருள். அதைப் படித்த மாத்திரத்தில் நம் மனம் நிம்மதியடைந்துவிட்டது. பல மாதங்கள் அங்கே சென்று உண்டோம். விருந்தினரையும் அழைத்துச் சென்றோம். ஒருநாள், பரிமாறிய பெண்மணியிடம் கோழிப் பூரணம் இத்தனை மணமாக இருப்பது எப்படி என்று பேச்சுவாக்கில் கேட்டோம். இஞ்சி, வெங்காயத்தாள், நல்லெண்ணெய், பிறகு சமையலுக்கான அரிசி மது என்று அவர் மலர்ந்த முகத்துடன் பட்டியலிட்டார். அவர் எதையும் மறைக்கவில்லை. அதுவரை அவரிடம் நாங்கள் கேட்கவே இல்லை.

வீடு திரும்பும் வழியில் எங்கள் மகள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "இத்தனை நாளும் நாம ஏன் அத்தா கேக்கவே இல்ல?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. சமுதாயத்தில் பலரிடமும் இல்லை என்பதைப் பின்னர் பேசிப் பார்த்தபோது உணர்ந்தோம். ஆகவேதான் இக்கட்டுரை.

அந்தப் பலகை என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பதை நிதானமாகப் பார்ப்போம். பன்றி இல்லை என்று சொல்கிறது. கோழியும் மாடும் முறைப்படி அறுக்கப்பட்டவையா என்பதைச் சொல்லவில்லை. இறைச்சியை ஊறவைக்க மது சேர்க்கப்படுகிறதா என்பதைச் சொல்லவில்லை. சீனச் சமையலில், குறிப்பாக ஷாவ்சிங் என்ற ஊரின் பெயரால் வழங்கும் அரிசி மது, இறைச்சியின் கவிச்சியைப் போக்கப் பரவலாகச் சேர்க்கப்படும் பொருள். சேர்ப்பவருக்கு அது நமக்கு மஞ்சள்தூளைப் போல. மறைக்க வேண்டிய ஒன்றென்று அவருக்குத் தோன்றவே தோன்றாது.

டம்ப்ளிங்கின் உட்கூறுகளை அறிந்தவர்கள் இன்னும் பலவற்றைக் கேட்பார்கள். கடித்தவுடன் சூடான ரசம் ஊறும் 'சியாவ்லாங்பாவ்' வகையில் அந்த ரசம் எப்படி உள்ளே போகிறது? பன்றித் தோலைக் கொதிக்க வைத்து எடுத்த சாற்றைக் குளிரவைத்தால் அது கூழாக உறையும். அந்த உறைகூழைப் பூரணத்தோடு கலந்து மடித்து வேகவைக்க, அது உருகி ரசமாகிறது. இதுவே மரபான முறை. அதையே கோழியில் செய்வதாகச் சொல்லும் கடையில், உறைவதற்கு என்ன சேர்க்கிறார்கள், ஜெலட்டினா, அது எந்தப் பிராணியிலிருந்து எடுக்கப்பட்டது என்பது நியாயமான கேள்வி. 'ஹார் காவ்' எனும் இறால் டம்ப்ளிங்கை, "இது வெறும் இறால்தானே" என்று நம்பி உண்கிறோம். அதன் மரபான பூரணத்தில் பன்றிக் கொழுப்பைப் பொடியாக நறுக்கிச் சேர்ப்பது வழக்கம். பஞ்சு போன்ற 'பாவ்' மாவிலும் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பதுண்டு. நம்மிடையே ஷாஃபியீ மத்ஹபைப் பின்பற்றுவோருக்குக் கடல் உணவில் தாராளம் உண்டு. ஹனஃபீ மத்ஹபினரிடையே இறால் குறித்தே உலமாக்கள் கருத்து வேறுபடுகிறார்கள், நண்டு ஆகாது. ஆக, 'கடல் உணவு' என்ற ஒற்றைச் சொல்கூட நம் எல்லா வீடுகளுக்கும் போதுமான பதிலன்று.

இதைச் சொன்னவுடன் சிலர் முகம் சுளிக்கிறார்கள். "மார்க்கம் எளிதானது, ஏன் சிரமமாக்குகிறீர்கள்? பிஸ்மில்லாஹ் சொல்லிவிட்டு உண்ண வேண்டியதுதானே?" என்கிறார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸையும் எடுத்துக்காட்டுகிறார்கள். அந்த ஹதீஸ் உண்மையே. ஆனால் அதில் இறைச்சி கொண்டுவந்தவர்கள் யார்? இஸ்லாத்தைப் புதிதாக ஏற்றிருந்த முஸ்லிம்கள். அறுக்கும்போது அவர்கள் அல்லாஹ்வின் பெயரைச் சொன்னார்களா என்பதில்தான் ஐயம். யார் அறுத்தார், எப்படி அறுத்தார் என்பதே தெரியாத இறைச்சிக்கு, அதுவும் மது ஊற்றி ஊறவைத்த இறைச்சிக்கு, அந்த ஹதீஸை அனுமதிச் சீட்டாக நீட்டுவது அதன் மீது நாம் செய்யும் அநீதி. "சமைக்கும்போது மது ஆவியாகிவிடும்" என்பார் இன்னொருவர். முழுவதும் ஆவியாவதில்லை என்பது ஒருபுறமிருக்க, மதுவை உணவில் சேர்ப்பதே ஆகாது என்பது மார்க்க அறிஞர்களில் பெரும்பான்மையோரின் நிலைப்பாடு. ஹலாலும் தெளிவானது, ஹராமும் தெளிவானது, இரண்டுக்கும் இடையே உள்ள சந்தேகமானவற்றிலிருந்து விலகிக்கொள்பவர் தம் மார்க்கத்தையும் மானத்தையும் காத்துக்கொள்கிறார் என்ற பொருள்பட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததும் ஹதீஸ்தான். எளிமை என்ற பெயரில் அதை மட்டும் மறந்துவிடுவது எந்த வகை நியாயம்?

எளிமையைப் பற்றிப் பேசுவோர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். இந்நகரில் கேட்டறிவது சிரமமே இல்லை. சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் 1978 முதல் ஹலால் சான்றிதழ் வழங்கிவருகிறது. அனுமதியின்றி ஹலால் முத்திரையைப் பயன்படுத்தினால் 10,000 வெள்ளி வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. சான்றிதழ் பெற்ற கடைகளை இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம். கைப்பேசியில் கடையின் மதிப்பெண்ணையும் படத்தையும் பத்து நிமிடம் அலசுகிற நாம், சான்றிதழைப் பார்க்க ஒரு நிமிடம் ஒதுக்காமல் இருப்பதற்குச் 'சிரமம்' என்று பெயர் சூட்டலாமா?

இனி மறுபக்கத்தாரிடமும் பேச வேண்டும். நம்மில் சிலர் பேணுதல் என்ற பெயரில், "சீனச் சாப்பாடே ஹராம், அந்தப் பக்கமே போகாதே" என்று பிள்ளைகளை அதட்டுகிறார்கள். சொல்லும்போது முகத்தில் அருவருப்பு. இது பேணுதல் அன்று, அறியாமை. பல வேளைகளில் அறியாமையோடு பெருமையும் கலந்தது. சீனாவின் சிஆன் நகரப் பெரிய பள்ளிவாசல் 742 ஆம் ஆண்டு நிறுவப்பட்டதாக அவ்வூர் மரபு கூறுகிறது. அதைச் சூழ்ந்த முஸ்லிம் குடியிருப்பில் ஹுய் முஸ்லிம்கள் ஆட்டிறைச்சியும் மாட்டிறைச்சியும் வைத்து டம்ப்ளிங் மடித்து விற்கிறார்கள். ஹலாலுக்கு அவர்கள் வழங்கும் சொல் 'சிங்ஜென்'. தூய்மையும் உண்மையும் என்பது அதன் பொருள். அங்கிருந்து மேற்கே உய்குர், உஸ்பெக் மக்களிடம் 'மந்தி' என்றும், துருக்கியில் 'மந்தெ' என்றும் இதே பண்டம் முஸ்லிம் அடுப்பங்கரைகளில் பரவிக் கிடக்கிறது.

அவ்வளவு தூரம் ஏன்? அரிசி மாவை உருட்டி ஆட்டுக்கறிக் குழம்பில் வேகவைக்கும் நம் தக்கடி வேறென்ன? உம்மாவின் கையால் தக்கடி உண்டு வளர்ந்தவர், மாவும் இறைச்சியும் சேர்ந்த இன்னொரு பண்டத்தைச் சீனருடையது என்பதற்காகவே வெறுப்பது விந்தை.

அண்டை வீட்டாரோடு நமக்குள்ள உறவும் நேற்று முளைத்ததன்று. யுன்னானில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த கடற்படைத் தளபதி ஜெங் ஹே இலங்கையின் காலியில் நிறுவிய, 1409 ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டில் சீனமும் தமிழும் பாரசீகமும் அருகருகே பொறிக்கப்பட்டுள்ளன. இந்நகரின் சைனாடவுன் நடுவே, சவுத் பிரிட்ஜ் சாலையில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1826 இல் நிறுவிய ஜாமிஆ பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. ஜும்ஆ தொழுதுவிட்டு வெளியே வந்தால் எதிரே சீனக் கடைகள். அவர்களுக்கிடையே ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் வாழ்ந்த சமுதாயம், அவர்கள் உணவைப் பற்றி ஒரு கேள்வி கேட்கத் தெரியாமல் விழுங்குவதும் தவறு. கேட்காமலே காறித் துப்புவதும் தவறு. இரண்டுக்கும் வேர் ஒன்றே: விசாரிக்க மனமில்லாமை.

ஆகவே, விசாரிப்போம். எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறோம். கடைப் பெயர்களின் பட்டியலைத் தரப் போவதில்லை. சான்றிதழ் காலாவதியாகலாம், உரிமையாளர் மாறலாம், நம் பட்டியல் மட்டும் பழைய உறுதியைத் தந்துகொண்டே இருக்கும். முதலில் முயிஸ் பட்டியலில் கடையின் பெயரோடு கிளையின் முகவரியையும் ஒப்பிடுங்கள். ஒரு கிளைக்குச் சான்றிதழ் இருப்பதால் எல்லாக் கிளைக்கும் இருப்பதாக ஆகாது. கடையில் மாட்டியுள்ள சான்றிதழில் முடிவுத் தேதியைப் பாருங்கள். சான்றிதழ் பெறாத முஸ்லிம் கடைகளும் உண்டு, ஏனெனில் இங்கே சான்றிதழ் கட்டாயமன்று. அங்கே உரிமையாளரிடம் இறைச்சி எங்கிருந்து வருகிறது, சாஸிலும் ஊறவைக்கும் கலவையிலும் என்ன இருக்கிறது என்று மரியாதையாகக் கேளுங்கள். முஸ்லிம் அல்லாதவர் கடையில் கேட்கும்போது விசாரணை அதிகாரியைப் போலக் கேட்காதீர்கள். "எங்கள் மார்க்கத்தில் இது தேவை, அதனால் கேட்கிறேன்" என்று சொல்லுங்கள். நாம் கேட்ட இடங்களில் எவரும் கோபித்துக்கொண்டதில்லை.

அத்தோடு நின்றுவிடவும் வேண்டாம். சூரா அல்பகரா 168 ஆம் வசனம் ஹலாலை மட்டும் சொல்லவில்லை; தய்யிபையும், அதாவது தூய்மையும் நன்மையும் உள்ளதையும், சேர்த்தே சொல்கிறது. ஹலால் முத்திரை இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, உறைபெட்டியில் கிடந்து வெடித்த தோலும் சக்கையான பூரணமும் கொண்ட டம்ப்ளிங்கைப் பொறுத்துக்கொண்டு, "நமக்கு இதுதான் விதி" என்று நாம் எழுந்து வருகிறோம். அந்தப் பொறுமையால் எவருக்கும் நன்மையில்லை. நல்ல ஹார் காவின் தோல் உள்ளிருக்கும் இறாலின் நிறம் தெரியும்படி மெலிந்திருக்கும், ஆனால் எடுக்கும்போது கிழியாது. மடிப்பு ஏழுக்குக் குறையக் கூடாதென்பது அத்தொழிலின் வழக்கு. கூடை ஆவி பறக்க மேசைக்கு வர வேண்டும். ரச டம்ப்ளிங்கைத் தூக்கினால் அடிப்பாகம் தொங்க வேண்டும், ஒழுகக் கூடாது. இவை இல்லையென்றால் கடைக்காரரிடம் சொல்லுங்கள். நன்றாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். பத்துக் குடும்பங்களை அனுப்பி வையுங்கள். ஹலாலாகவும் தரமாகவும் சமைப்பவருக்கு நாம் தரும் ஆதரவே, 'பன்றி இல்லை' பலகையோடு நின்றுவிட்டவரைச் சான்றிதழ் வாங்கத் தூண்டும்.

எங்கள் மகள் இப்போது புதிய கடைக்குள் நுழைந்ததும், உணவுப் பட்டியலைப் பார்க்கும் முன் சுவரில் சான்றிதழைத் தேடுகிறாள். இல்லையென்றால் வெட்கப்படாமல் கேட்கிறாள். நாங்கள் அவளுக்குக் கற்றுத்தர வேண்டியதை அவள் எங்களுக்குக் கற்றுத்தந்தாள். உங்கள் வீட்டுப் பிள்ளையும் ஒருநாள் அதே கேள்வியைக் கேட்கக்கூடும். அதற்கு முன் நீங்கள் கேட்டுவிடுங்கள்.

ஹலாலானதையும் தூய்மையானதையும் தேடி உண்ணும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும், நம் சந்ததிகளுக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.