ஐபோன் ஆலை வந்துவிட்டது, கைத்திறன் வந்ததா?

குன்றாண்டார்கோவில் போன்ற புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்களில் முந்தைய தலைமுறைக்கு வேலை என்றால் சபுர்தான். வளைகுடா, மலேசியா, சிங்கப்பூர். இன்று 300 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஸ்ரீபெரும்புதூரும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. செல்போன் ஆலைகளின் வேன்களில் நம் மாவட்டத்துப் பிள்ளைகளும் போய் வருகிறார்கள். அனுப்பும் பெற்றோர் சம்பளத்தையும் விடுதியையும் விசாரிக்கிறார்கள். இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டியிருக்கிறது. இந்த ஆலை எத்தனை ஆண்டு இங்கே இருக்கும்?

ஆப்பிள் நிறுவனம் ஒரு காலத்தில் அமெரிக்காவிலேயே சொந்த ஆலைகளில் கணினி தயாரித்தது. கலிஃபோர்னியாவில் எல்க் குரோவ் ஆலையில் உற்பத்தி 2004இல் நின்றது. அதன்பின் தயாரிப்பு பெரும்பாலும் சீனாவுக்குப் போனது. குறைந்த கூலிதான் முதல் ஈர்ப்பு. ஆனால் ஆப்பிளை அங்கே கட்டிப்போட்டது கூலி அல்ல. நிறுவனத் தலைவர் டிம் குக் 2017இல் ஓர் ஒப்பீடு சொன்னார்: அச்சும் கருவியும் செய்யத் தெரிந்த பொறியாளர்களை அமெரிக்காவில் கூட்டினால் ஓர் அறை நிரம்புமா என்பதே சந்தேகம், சீனாவிலோ பல கால்பந்து மைதானங்கள் நிரம்பும். ஆப்பிள் தன் பொறியாளர்களைப் பல ஆண்டுகள் சீன ஆலைகளுக்கு அனுப்பியது. வேலையோடு திறனும் இடம் மாறியது. 2022 நவம்பரில் கொரோனா கட்டுப்பாடுகளால் செங்சோ ஃபாக்ஸ்கான் ஆலை முடங்கியபோது, உலகமெங்கும் ஐபோன் வரத்து குறைந்தது. அப்படியும் ஆப்பிளால் சீனாவை விட்டு முழுதாக விலக முடியவில்லை.

நம் ஊர் அனுபவம் நேர்மாறானது. நோக்கியா 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கியது. 2011க்குள் 50 கோடி செல்போன்கள் அங்கிருந்து வெளிவந்தன. ஸ்மார்ட்போன் சந்தையில் நோக்கியா சரிந்தது. வரி வழக்கும் சேர்ந்துகொண்டது. 2014 நவம்பர் 1இல் ஆலை நின்றது. அந்த ஒரே வாடிக்கையாளரை நம்பியிருந்த பக்கத்து ஃபாக்ஸ்கான் ஆலையும் அடுத்த மாதமே மூடியது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். பாகங்களைப் பொருத்தவும் சோதிக்கவும் தெரிந்த அவர்களுக்கு, வேறு ஆலையில் அதே மதிப்புள்ள வேலை எளிதில் கிடைக்கவில்லை.

இப்போது மீண்டும் நல்ல காலம். 2019 முதல் ஃபாக்ஸ்கான் இங்கே ஐபோன் தயாரிக்கிறது. டாடா ஓசூரில் இறங்கியிருக்கிறது. நாட்டின் மின்னணு ஏற்றுமதியில் ஏறத்தாழ 40 சதவீதம் தமிழ்நாட்டிலிருந்து போகிறது. ஆனால் 2025 ஜூலையில், இந்திய ஆலைகளிலிருந்த 300க்கும் மேற்பட்ட சீனப் பொறியாளர்களை ஃபாக்ஸ்கான் திருப்பி அழைத்ததாகச் செய்தி வந்தது. இயந்திரமும் அதை இயக்கக் கற்றுத்தரும் ஆளும் இன்னும் அங்கிருந்துதான் வர வேண்டியிருக்கிறது. இதை உணர்ந்தே மத்திய அரசு 2025 மார்ச்சில் பாகங்கள் தயாரிப்புக்கு 22,919 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அடுத்த மாதமே தமிழ்நாடும் தனக்கென ஒரு திட்டத்தை அறிவித்தது.

திட்டம் அரசுடையது, ஆயத்தம் நம்முடையது. பிளஸ் டூ முடித்தவுடன் பொருத்தும் வரிசைக்கு அனுப்புவதைவிட, ஐடிஐயில் டூல் அண்ட் டை, கிண்டி சிப்பெட்டில் பிளாஸ்டிக் அச்சுத் தொழில் என்று இரண்டு மூன்று ஆண்டு படிக்க வைப்பது மேல். ஏற்கெனவே வேலையில் இருக்கும் பிள்ளை, இயந்திரப் பராமரிப்புப் பிரிவுக்கு மாற முயலட்டும். ஜமாஅத்தின் பைத்துல்மால் கல்வி உதவியில் பொறியியல், மருத்துவத்தோடு இந்தப் படிப்புகளுக்கும் இடம் வேண்டும்.

செழிப்பான ஏழு ஆண்டுகளில் சேமித்துவைத்ததால்தான் பஞ்சத்தைக் கடக்க முடிந்தது என்பது யூசுஃப் நபி (அலை) வரலாறு தரும் பாடம். நம் பிள்ளைகள் இந்தச் செழிப்பில் சேமிக்க வேண்டியது பணத்தை மட்டுமல்ல, கைத்திறனையும்தான். ஆலை போனாலும் அது கையோடு இருக்கும். அல்லாஹ் அவர்கள் உழைப்பில் பரக்கத் செய்வானாக.