லாடக்காரர் மட்டும் போதுமா?

பாண்டிய நாட்டில் ஆண்டுதோறும் கடல்வழி வந்திறங்கிய குதிரைகள் விரைவிலேயே மடிந்ததை, 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். லாடமடிப்போரை வணிகர்கள் வரவிடவில்லை என்ற அவரது குற்றச்சாட்டையே திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டுகிறோம். குதிரைக்குச் சோறும் வேகவைத்த இறைச்சியும் ஊட்டினார்கள் என்று அவரே சொன்னதை ஏனோ கடந்துவிடுகிறோம். (சூழ்ச்சிதானே கதைக்குச் சுவை!)

மாவுச்சத்து மிகுந்தால் குதிரையின் பெருங்குடலில் புளிக்கும். குளம்புச் சுவரையும் உள்ளெலும்பையும் பிணைக்கும் மென்தகடுகள் அழன்று நெகிழும். முற்றினால் எலும்பே கீழிறங்கும். லாமினைட்டிஸ் என்பது இதுதான். இன்றைய மருத்துவரும் முதலில் தானியத்தை நிறுத்துகிறார், குளம்புகளைப் பனிக்கட்டியில் வைக்கிறார். சீவுதலும் லாடமும் பிறகுதான். அன்று லாடக்காரர் வந்திருந்தாலும், தீனித்தொட்டியில் சோறு இருந்தவரை அவரால் பெரிதாக ஏதும் செய்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.