ஒரே கற்றாழை, ஒரே சரக்கா?

"கற்றாழை ஒன்றுதான்; ஊர்ப்பெயரெல்லாம் வியாபாரிகளின் ஜாலம்" என்பவர்கள் லேபிளோடு நின்றுவிடுகிறார்கள். ஜாலம் இல்லாமல் இல்லை. ஆனால் கதை அதோடு முடிவதில்லை.

மெக்சிகோவின் கற்றாழைச் சாராயங்களில், ஒஹாக்கா மாநிலத்து மெஸ்காலின் பெரும்பகுதியும் சொனோரா மாநிலத்தின் பகனோராவும் அகாவே அங்குஸ்திஃபோலியா என்ற ஒரே கற்றாழை இனத்தில் பிறப்பவை. இலை கழித்த தண்டைச் சுட்டு, நசுக்கி, புளிக்கவைத்து வடிக்கிறார்கள். வடிக்கும் கலத்தில்தான் பாதை பிரிகிறது. ஒஹாக்காவுக்குள்ளேயே சாந்தியாகோ மதத்லானில் செம்புக் கலம், சாந்தா கதரினா மினாஸில் மண்பானை. பானையில் வடித்ததை ஒரு மிடறு நாக்கில் நிறுத்தினால் புகைக்குப் பின்னால் ஈரமண் எட்டிப்பார்க்கும். செம்பில் வடித்தது தெளிவாக, கூர்மையாக இறங்கும்.

பகனோராவை 1915-இல் தடைசெய்தார்கள். தடை நீங்கியது 1992-இல். அதுவரை மலைக்குள் ஒளிந்து காய்ச்சிய, லேபிளே இல்லாத சாராயத்துக்கு எந்த வியாபாரி ஜாலம் காட்டினான்?