எங்கள் குப்பத்துச் சங்கம்

போன இதழில் "அடுத்த தடவை கோடைக்கு வடகம் போடும் பக்குவம் சொல்கிறேன்" என்று எழுதியிருந்தேன். வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை. வடகம் எங்கே ஓடிப்போகிறது! இந்த ஒரு மாதமாக எங்கள் வீட்டில் நடந்ததைக் கேட்டால் நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

நாங்கள் இருப்பது நொச்சிக்குப்பம். மெரினா கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே, கடலைப் பார்த்தபடி. லூப் ரோட்டில் மீன் வாங்கியவர்களுக்குத் தெரிந்திருக்கும். என் வீட்டுக்காரர் ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறார். அவருடைய அம்மா, என் அத்தை, 17 வயதில் கூடை தூக்கியவர். இப்போது 68. மயிலாப்பூர்த் தெருக்களில் தலைச்சுமையாக விற்று, பிறகு ரோட்டோரம் உட்கார்ந்து விற்று, 2024 ஆகஸ்டில் புது மீன் அங்காடி திறந்தபின் அதில் ஒரு கடையில் விற்கிறார். நான் மட்டும் இந்த வீட்டுக்கு வந்த நாளாகக் கூடையைத் தொட்டதில்லை. "பத்தாவது படிச்ச பொண்ணு, அது எதுக்கு மீன் நாத்தத்துல உக்காரணும்?" என்பார் அத்தை. எனக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் கடைசியில் ஒரு வியாழக்கிழமை. அத்தைக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். அப்போது சாந்தோம் அம்மா வந்தார். முப்பது வருஷத்து வாடிக்கை. அவருடைய மகன் வெளிநாட்டில் ஏதோ தூண்டில்காரர்கள் கிளப்பில் சேர்ந்திருக்கிறானாம். போனில் படம் காட்டினார். கொக்கியில் புழு, இறால் எதுவும் கோர்ப்பதில்லை. இறகையும் நூலையும் சுற்றி ஈ மாதிரியே செய்துவிடுகிறார்கள். நீளக் கழியை வீசி, அந்தப் பொய் ஈயை ஆற்றுத் தண்ணீர்மேல் பூப்போல உட்காரவைக்க வேண்டும். மீன் ஏமாந்து கவ்வும். அதை அளந்து, படம் எடுத்து, திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்களாம்!

"புடிச்சத வுட்டுட்டா கொழம்புக்கு இன்னா பண்ணுவான் உம்புள்ள?" என்றார் அத்தை.

சாந்தோம் அம்மா சிரித்துக்கொண்டே இன்னும் சொன்னார். வருஷச் சந்தா உண்டு. மாதம் ஒரு கூட்டம். குளிர்காலத்தில் ஒன்றாக உட்கார்ந்து ஈ கட்டுவார்கள். குழந்தைகளுக்குக் கழி வீசக் கற்றுக்கொடுப்பார்கள். ஓடையைச் சுத்தம் செய்வார்கள். நம் பக்கமும் இது புதிது இல்லையாம். சென்னை ராஜதானியில் அதிகாரியாக இருந்த தாமஸ் என்ற வெள்ளைக்காரர் 1873-லேயே இந்தியத் தூண்டில் வேட்டையைப் பற்றிப் புஸ்தகம் போட்டிருக்கிறார். இந்த விளையாட்டுக்கென்றே சீமையிலிருந்து டிரவுட் மீனை வரவழைத்து, நீலகிரியில் அவலாஞ்சியில் 1907-ல் குஞ்சு பொரிக்கப் பண்ணை வைத்தார்கள். இலங்கையில் நுவரெலியாப் பக்கத்து ஓடைகளுக்காக 1896-லேயே ஒரு கழகம். எல்லாம் ரிடையரான அவர் வீட்டுக்காரர் படித்துச் சொன்னது.

"உங்க குப்பத்துல இந்த மாதிரி சங்கம் உண்டா ஆயா?" என்று கேட்டார்.

"அது இன்னாத்துக்கு? நாங்க பொறந்ததே சங்கத்துலதான்" என்று அத்தை சிரித்த சிரிப்பில், கழுவிக்கொண்டிருந்த கெளுத்தி பலகையிலிருந்து நழுவி நேரே கால்மேல் விழுந்தது. முள் சுண்டுவிரல் ஓரம் இறங்கிவிட்டது. பிடுங்கிப் போட்டு, மஞ்சள் வைத்துக் கட்டி, மேலே வியாபாரம் பார்த்தார். நானும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அங்கேதான் தப்பு செய்தேன். அத்தைக்குச் சர்க்கரை 12 வருஷமாக இருக்கிறது. பாதத்தில் உணர்ச்சி குறைவு. வெள்ளியும் சனியும் காலோடு காலாக ஐஸ் தண்ணீரில் நின்றிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளிர் ஜுரம். கட்டைப் பிரித்தால் கணுக்கால்வரை வீக்கம். ஆஸ்பத்திரியில் 11 நாள். சுண்டுவிரலை எடுத்த பிறகுதான் பாதம் தப்பியது.

இதை வாசிக்கிறவர்கள் வீட்டில் மீன் ஆய்கிறவர்கள்தானே? கெளுத்தி முள்ளிலும் திருக்கை வாலிலும் விஷம் உண்டு. குத்தினால் முதலில் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். பிறகு பொறுக்கிற அளவு வெந்நீரில் அரை மணியாவது காலையோ கையையோ அமிழ்த்தி வைக்க வேண்டும். சூட்டில் அந்த விஷம் கெட்டு வலி இறங்கும். ஆனால் சர்க்கரைக்காரர்களுக்குப் பாதத்தில் சூடே தெரியாது. வேறொருவர் முழங்கையை விட்டுப் பார்த்துத்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெந்துபோகும். உள்ளே முள் ஒடிந்திருந்தால் நீங்களாகக் கிளறாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் காட்டி டெட்டனஸ் ஊசியும் கேளுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் படுக்கப்போகும் முன் கீழே ஒரு கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்ப்பது நல்லது. எங்கள் வீட்டில் இப்போது என் சின்ன மகன் தினம் ஆயா காலைப் பார்த்து "பாஸ்" போடுகிறான்!

ஆஸ்பத்திரியில் அத்தை கேட்ட முதல் கேள்வி கால் பற்றி இல்லை. "கடை பூட்டியா கெடக்குது?" என்றார்.

அந்தக் கவலைக்குக் காரணம் உண்டு. பெரிய விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. மீன் முட்டையிடும் காலம் என்று வைத்த தடை. எங்களுடையது போன்ற சின்னப் படகுகள் போகலாம். ஆகவே வருஷத்தில் எங்களுக்கு நல்ல விலை கிடைப்பது அந்த இரண்டு மாதம்தான். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு அதில்தான் வரும். அத்தோடு, பூட்டிய கடைமேல் நாலு கண் விழும். 2023 ஏப்ரலில், ரோட்டோரக் கடைகளை எடுக்கச் சொன்னபோது, எங்கள் பெண்கள் மீன்கூடையோடு ரோட்டில் உட்கார்ந்ததை நீங்கள் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அத்தையும் அதில் இருந்தார். அப்படிக் கிடைத்த இடம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் எதிர்வீட்டு அக்கா வாசலில் நிற்கிறார். முந்தானை முடிச்சை அவிழ்த்து 640 ரூபாயை என் கையில் வைத்தார். "இது அத்தை பங்கு."

எனக்குப் புரியவில்லை. விசாரித்தால், அத்தை படுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே இது நடந்திருக்கிறது. விடியற்காலையில் படகு கரையேறியதும் மணலில் ஏலம் நடக்கும். அத்தை வரிசையில் உள்ள ஐந்து பேரும் சேர்ந்து கூடைகளை எடுத்து, கூறு போடும்போது ஐந்துக்குப் பதில் ஆறு கூறு போட்டிருக்கிறார்கள். ஆறாவது அத்தைக்கு. நாளுக்கு ஒருத்தி தன் கடையோடு அத்தை கடையையும் பார்த்திருக்கிறாள். யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை, யாரும் எங்களைக் கேட்கவும் இல்லை. 11 நாளும் அந்த முடிச்சு வாசலுக்கு வந்தது. ஒரு நாள் வெறும் 90 ரூபாய். அன்றைக்குக் கடலில் மீனே இல்லை.

சாந்தோம் அம்மா கேட்ட கேள்விக்கு அத்தை சிரித்த சிரிப்பு அப்போதுதான் எனக்கு விளங்கியது. நம் ஊர்ச் சங்கத்துக்கு போர்டு கிடையாது, விதிமுறைப் புஸ்தகம் கிடையாது. ஆனால் ஊரில் சாவு விழுந்தால் படகு இறங்காது. போன படகு திரும்ப நேரமானால், சொந்தமோ பகையோ, மற்ற படகுகள் தேடப் போகும். பிடித்த மீனில் செலவு போகப் படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பங்கு. பங்கு பிரிக்கும் முன்னே ஒவ்வொருவர் வீட்டுக் குழம்புக்கும் ஒரு கை அள்ளி ஒதுக்கிவிடுவார்கள். 2004 சுனாமிக்குப் பின் அடுப்பு இல்லாத வீடுகளுக்கெல்லாம் ஒரே அண்டாவில் பொங்கினோம். 1985 டிசம்பர் 4-ஆம் தேதி, மெரினாவிலிருந்து கட்டுமரங்களை அப்புறப்படுத்தும் தகராறில் துப்பாக்கிச் சூடு நடந்து, நம் ஆட்கள் உயிர்விட்டார்கள். அந்தத் தேதியில் இன்றும் அஞ்சலி செலுத்துகிறோம். அப்போது அத்தை கைக்குழந்தைக்காரி. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடியதை எத்தனை முறை சொல்லியிருக்கிறார்!

ஒரு விஷயம் மட்டும் மனதில் குத்துகிறது, கெளுத்தி முள்ளைப் போல. இந்தக் கடற்கரை நெடுகிலும் ஊர்க் கணக்கு தலைக்கட்டு வைத்துத்தான். கல்யாணமான ஆண் ஒருவர், ஒரு தலைக்கட்டு. வரி அவர் பேரில், கூட்டத்தில் பேச்சும் அவருக்கு.

"அத்தை பேரு ஊர் நோட்டுல இருக்கா?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"எம்பேருதான் இருக்குதே. அது போதாதா?"

"நீங்க பொறக்கறதுக்கு முன்னாலேர்ந்து அவங்க சம்பாதிக்கிறாங்க."

அவர் பதில் சொல்லாமல் வலையை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார். கோபமில்லை, யோசிக்கப் போனால் அவர் அப்படித்தான். பதில் இன்னும் வரவில்லை. நானும் விடுவதாக இல்லை.

பன்னிரண்டாம் நாள் அத்தையை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். மூன்று மாதம் தண்ணீரில் நிற்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அன்று ராத்திரி எதிர்வீட்டு அக்கா முடிச்சை அவிழ்க்க வந்தபோது, "நாளைக்கு ஏலத்துக்கு நானும் வரேன் அக்கா" என்றேன். அத்தை கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று பார்த்தேன். "ரப்பர் பூட்ஸ் வாங்கிப் போட்டுகினு போ" என்றார். அவ்வளவுதான்.

முதல் நாள் லட்சணத்தைக் கேளுங்கள். ஏலத்தில் எனக்கு வாயே திறக்கவில்லை. அக்காதான் எனக்கும் சேர்த்துக் கேட்டார். சங்கராவைச் செதில் உரிப்பதற்குள் விரலில் இரண்டு வெட்டு. கானாங்கத்தையை வெயிலில் வைத்துவிட்டு நிற்கிறேன், பக்கத்துக் கடைச் சின்னம்மா ஓடிவந்து ஐஸ் அள்ளிப் போட்டார். "இத வெயில்ல வச்சா துன்றவங்களுக்கு ஒடம்பெல்லாம் தடிச்சுப் பூடும்" என்றார். உண்மைதான். கானாங்கத்தை, சூரை போன்ற மீன்கள் சூட்டில் கிடந்தால் அதில் ஊறும் நஞ்சு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. முகம் சிவந்து அரிப்பெடுக்கும். வாங்கிய கையோடு வீட்டுக்குப் போய்க் குளிரில் வையுங்கள்.

பத்து மணி வாக்கில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். பால் ஊற வேண்டுமென்று மாமியார் பால் சுறா வாங்கி வரச் சொன்னாராம். என் கடையில் பால் சுறா இருந்தது. விற்றால் நல்ல காசு. ஆனால் சுறா ஜாதியில் பாதரசம் சேர்கிறது, பெரிய சுறாவில் இன்னும் அதிகம், கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிறவர்களும் விலக்குவது நல்லது என்று இப்போது டாக்டர்கள் சொல்வதைப் படித்திருக்கிறேன். "புட்டு ஆசைக்கு எப்பவாவது கொஞ்சம் சாப்பிடும்மா, அடிக்கடி வேணாம். பால் கொடுக்கிற நாள்ல நெத்திலியும் கவலையும் நல்லது. நெத்திலிய முள்ளோட சாப்பிட்டா சுண்ணாம்புச் சத்து" என்றேன். அவள் அரை கிலோ நெத்திலி வாங்கினாள். சின்னம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "படிச்ச பொண்ணு கடை போட்டா இப்படித்தான்" என்று வரிசைக்கே கேட்கும்படி சொன்னார். சாயங்காலம் பால் சுறா மிஞ்சிப் போய், அதை எங்கள் வீட்டில் புட்டாகக் கிளறினேன். அத்தை இரண்டு முறை போட்டுக்கொண்டார்!

மறுநாள் சாந்தோம் அம்மா வந்தார். ஆயாவைக் காணோமே என்று தேடி, என்னைக் கத்தியும் கையுமாகப் பார்த்துத் திகைத்தார். விஷயம் கேட்டுக் கண் கலங்கினார். ஒரு கிலோ சங்கரா நிறுத்துப் போட்டேன். அத்தை செய்கிற மாதிரி, அவர் கேட்கும் முன்பே கொசுறாக இரண்டு கவலை எடுத்துப் பையில் போட்டேன்.

"ஆயா மூணு போடுவாங்க" என்றார்.

மூன்றாவதையும் எடுத்துப் போட்டேன். வடகம் அடுத்த இதழில், நிச்சயமாக.