மெஸ் அடுப்பும் நம்ம டிப்ளமோவும்



ஆண்டு மலர் என்றால் நட்பைப் பற்றி, அன்னையைப் பற்றி, பிரியப் போகும் மூன்றாம் ஆண்டைப் பற்றி எழுதுவதுதான் வழக்கம். நானும் மூன்றாம் ஆண்டுதான். ஆனால் நான் எழுத வந்தது நம் ஹாஸ்டல் மெஸ்ஸில் இருக்கும் ஒரு புளோயரைப் பற்றி. சிரித்துவிட்டே படியுங்கள், பரவாயில்லை. மூன்று வருஷப் படிப்பு எவ்வளவு தூரம் என் கைக்கு வந்திருக்கிறது என்பதை எந்த எக்ஸ்டர்னலும் எனக்குக் காட்டவில்லை. அந்தப் புளோயர்தான் காட்டியது.

மெஸ் பக்கம் வராத டே ஸ்காலர் நண்பர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். நம் மெஸ்ஸில் எரிவது பெல்லட் அடுப்பு. கடலைத் தோல், மரத்தூள் இவற்றை அழுத்தி, சுண்டுவிரலை விட மெல்லிய குச்சித் துண்டுகளாகச் செய்ததுதான் பெல்லட். வெறும் விறகு போல இது எரியாது. காற்று ஊத வேண்டும். அடியிலிருந்து போகும் காற்று பெல்லட்டைப் பாதி எரித்து வாயுவாக்கும். மேலே சுற்றியுள்ள துளைகள் வழியாக வரும் காற்று அந்த வாயுவை எரிக்கும். அதனால்தான் புகையில்லாத சுவாலை. குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்க வைக்கும் பெல்லட் அடுப்பில் பெரும்பாலும் இரண்டு புளோயர் இருக்கும்: ஒன்று புகையை வெளியேற்ற, இன்னொன்று சூடான காற்றை அறைக்குள் தள்ள. நம்முடையது ஒரே புளோயர். அது நின்றால் அடுப்பு வெறும் புகைச்சட்டி.

போன வருஷம் அது 'உர்ர்' என்று உறும ஆரம்பித்தது. மெக்கானிக் வந்தார், பேரிங் மாற்றினார், போனார். இரண்டு மாதத்தில் மறுபடி அதே உறுமல். மறுபடி பேரிங். மூன்றாவது முறையும் அதே கதை. அதன் பிறகு ஒரு நாள் சுற்றவே இல்லை. 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டு நின்றது. நம்ம மெஸ் டிவைடிங் சிஸ்டம். ஒவ்வொரு பேரிங்கும் நம் எல்லோர் பில்லிலும்தான் ஏறியது. அப்பா கூலி வேலை செய்து அனுப்பும் பணத்தில் பில் கட்டுகிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள்.

"மெக்கானிக்கல் பசங்க நாங்க இருக்கும்போது வெளி ஆளு எதுக்கு?" என்று நாங்கள் மூன்று பேர் சமையல்கட்டுக்குள் நுழைந்தோம். நான் ஒரு குச்சியை விட்டு விசிறியை ஒரு தள்ளு தள்ளினேன். சுற்ற ஆரம்பித்துவிட்டது! ஒரே கைதட்டல். நான்கு நாள் காலையும் மாலையும் குச்சி வைத்தியம்தான். ஐந்தாம் நாள், ஸ்விட்சைப் போட்டுவிட்டுச் சமையல் அக்கா குச்சியைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், வைண்டிங் கருகிவிட்டது. செத்துப் போயிருந்தது கண்டன்சர். அதன் விலை 80 ரூபாய். என் கெட்டிக்காரத்தனத்துக்கு ரீவைண்டிங் செலவு 1,500 ரூபாய். ரீவைண்டிங் முடிந்து வரும் வரை ஒரு வாரம் ஈர விறகில் சமையல். அக்காமார்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டே இட்லி ஊற்றியதைப் பார்த்தபோது எனக்குத் தட்டு ஏந்தவே கூச்சமாக இருந்தது.

முனகிக்கொண்டு சுற்றாத சிங்கிள் ஃபேஸ் மோட்டார், தள்ளிவிட்டால் சுற்றுகிறது என்றால் கண்டன்சரையோ ஸ்டார்ட்டிங் வைண்டிங்கையோ சந்தேகப்பட வேண்டும். இது எனக்குத் தெரியாததா? எலக்ட்ரிக்கல் பேப்பரில் படம் போட்டு எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்! எழுதத் தெரிந்தது, எதிரில் நின்றபோது அடையாளம் தெரியவில்லை. நம் படிப்பின் கோளாறு இதுதான் என்பது என் கருத்து. விடை கொடுத்தால் விவரிப்போம். கோளாறைக் கொடுத்தால் ஸ்பானரை எடுப்போம்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, ரீவைண்டிங் கடைக்காரர் ஒருவரிடமும் நம் ஒர்க்ஷாப் இன்ஸ்ட்ரக்டரிடமும் கேட்டு, கையாலும் காதாலும் செய்து பார்த்து நான் கற்றதைச் சொல்கிறேன். உங்களுக்கும் ஒரு நாள் உதவும்.

முதலில் கழற்றாதே, கேள். சத்தம் வரும்போது ஸ்விட்சை அணைத்துப் பார். அணைத்த அந்த நொடியே சத்தம் நின்றால் அது மின்சாரச் சத்தம். விசிறி ஓடி ஓடி நிற்கும் வரை சத்தமும் தேய்ந்துகொண்டே வந்தால் அது இயந்திரச் சத்தம். காசு செலவில்லாத சோதனை! நம் கரண்ட் விநாடிக்கு 50 சைக்கிள். காந்தம் ஒரு சைக்கிளுக்கு இரண்டு முறை இழுக்கும். அதனால்தான் மோட்டாரின் முனகல் விநாடிக்கு 100 அதிர்வாக ஒரே சுருதியில் நிற்கிறது.

'கீச்' என்றால் புஷ்ஷோ பேரிங்கோ காய்ந்திருக்கிறது. 'கடகட' என்றால் இம்பெல்லரை ஷாஃப்டில் பிடிக்கும் ஸ்குரூ தளர்ந்திருக்கலாம், உள்ளே ஏதாவது விழுந்திருக்கலாம். 'உர்ர்' என்று உடம்பெல்லாம் அதிர்ந்தால் இம்பெல்லரில் பேலன்ஸ் இல்லை. ரெகுலேட்டரில் வேகத்தைக் குறைத்ததும் அதிர்வு சட்டென்று அடங்கினால் அந்தச் சந்தேகம் பலப்படும்.

முனகுகிறது, சுற்றவில்லை என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கையால் சுற்று. இறுக்கமாக இருந்தால் பேரிங். லேசாகச் சுற்றினால் கண்டன்சரைப் பார். கண்டன்சரில் மிச்ச சார்ஜ் இருக்கும், டிஸ்சார்ஜ் செய்யாமல் தொடாதே. சத்தமே இல்லையென்றால் பிளக்கிலிருந்து ஆரம்பித்து ஸ்விட்ச், ரெகுலேட்டர், வைண்டிங் என்று வரிசையாக டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்.

இன்னொன்று. பைப் அடைத்துக்கொண்டால் மோட்டாருக்கு லோடு ஏறும் என்றுதான் வைவாவில் நம்மில் பல பேர் சொல்வோம். சென்ட்ரிஃப்யூகல் புளோயரில் நடப்பது நேர் எதிர்! காற்று போகவில்லையென்றால் வேலை குறைகிறது, கரண்ட் குறைகிறது, வேகம் கொஞ்சம் ஏறி சுருதியும் ஏறும். சத்தம் மெலிந்து கூர்மையாகி, சுவாலையும் சோர்ந்தால் பைப்பைப் பார்.

சரி, மூன்று பேரிங் ஏன் போனது? இங்கேதான் விஷயமே இருக்கிறது. ரீவைண்டிங் முடிந்து வந்த மோட்டாரை மாட்டும் முன் இம்பெல்லரைக் கழற்றிப் பார்த்தோம். பிளேடுகளில் தார் போல ஒரு பிசின், அதன் மேல் சாம்பல்; ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் குறைவு. சுரண்டினால் ஒரு சிட்டிகைதான். இதுவா பேரிங்கைத் தின்றது என்று சந்தேகம். கணக்குப் போட்டோம். 10 செ.மீ. ஆரத்தில் 10 கிராம் அழுக்கு. வேகம் நிமிடத்துக்கு 2,800 சுற்று. எம் ஆர் ஒமேகா ஸ்கொயர்! விடை ஏறக்குறைய 86 நியூட்டன். கிட்டத்தட்ட 9 கிலோ எடை, விநாடிக்கு 46 முறைக்கு மேல், ஷாஃப்டைத் திசைக்கொரு பக்கமாக இழுக்கிறது. எந்தப் பேரிங் தாங்கும்? எத்தனை முறை இந்த ஃபார்முலாவை எழுதியிருப்போம்! அதில் வரும் 'எம்' நம் மெஸ் சாம்பலாகவும் இருக்கலாம் என்று எனக்கு அன்றுதான் உறைத்தது.

ஆனால் காற்றை வெளியே தள்ளும் புளோயருக்குள் தார் எப்படி வந்தது? மூன்று பேரும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றோம். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சமையல் அக்காதான் சொன்னார்:

"தரை கழுவுற தண்ணி படுதுன்னு போன வருஷம் அதை மேல பலகையில தூக்கி வெச்சாங்க தம்பி. அதுலேர்ந்து ராத்திரி ஆஃப் பண்ணா அது வழியாத்தான் புகை வருது. மிச்ச சூட்டுல தண்ணி காயட்டும்னு அண்டாவை வேற ஏத்தி வெச்சிடுவோமா, புகைக்கு வேற வழி இல்ல."

"இதை ஏன்க்கா இத்தனை நாளா சொல்லல?"

"யாரு கேட்டீங்க? மூணு தடவை ஆளு வந்தாங்க. அப்புறம் நீங்க வந்தீங்க. ஒருத்தரும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அக்கா சொன்னதில் முழு விடையும் இருந்தது. புளோயரை மேலே ஏற்றியதும் பைப் சாய்வாக மேல்நோக்கிப் போய்விட்டது. புளோயர் ஓடும்போது ஒன்றுமில்லை. அணைத்ததும் அந்தப் பைப்பே சிம்னி! மேலே அண்டா மூடியிருக்க, கனன்ற பெல்லட்டின் புகையும் சூடும் புளோயர் வழியாக ஏறியிருக்கிறது. புகையின் தார் பிளேடில் ஒட்டியது. சூடு பேரிங்கின் கிரீஸைக் காய வைத்தது, கண்டன்சரையும் சும்மா விட்டிருக்காது. காற்று இல்லாமல் கனலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பக்கத்து அறையில்தான் அக்காமார்கள் படுக்கிறார்கள். இதை நினைத்தால் 1,500 ரூபாய் பெரிதாகத் தெரியவில்லை.

வைத்தியம் எளிது. புளோயரைக் கீழே இறக்கி, அடுப்பின் காற்றுத் துளைக்குக் கீழான மட்டத்தில், தண்ணீர் படாத அளவுக்குச் செங்கல் மேடை கட்டி வைத்தோம். ஷீட் மெட்டல் ஷாப்பில் கிடந்த தகரத் துண்டில் பைப்புக்கு ஒரு ஷட்டர் செய்தோம். பெல்லட் முழுக்க எரிந்து அடங்கும் வரை புளோயர் மெதுவாக ஓடட்டும், அதுவரை அண்டா வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கட்டும் என்று பேசி வைத்தோம். ஆறு மாதமாகிறது. பேரிங் மாற்றவில்லை.

"டிப்ளமோ படிச்சது சூப்பர்வைசர் ஆக, அடுப்பு ரிப்பேர் பண்ணவா?" என்று ஒரு நண்பர் கேட்டார். கோளாறின் காரணம் தெரியாத சூப்பர்வைசர், மாற்றச் சொல்லி இன்டென்ட் எழுதுவதைத் தவிர வேறென்ன செய்வார்? "பார்ட்டை மாத்தினா வேலை முடிஞ்சுது, நேரம் மிச்சம்" என்றார் இன்னொருவர். இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. உற்பத்தி நிற்கிற இடத்தில் முதலில் மாற்றத்தான் வேண்டும். ஆனால் கழற்றிய பழைய பேரிங்கைக் குப்பையில் போடும் முன், நீ ஏன் செத்தாய் என்று அதைக் கேட்க வேண்டாமா? திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் வைத்தியருக்குச் சொல்வதும் இந்த வரிசைதான்: முதலில் நோயைக் கண்டுபிடி, அது வந்த காரணத்தைக் கண்டுபிடி, மருந்து அதற்குப் பிறகு.

ஆகவே இந்த மலர் மூலம் என் கோரிக்கைகள் மூன்று. ஒன்று, ஒவ்வொரு லேபிலும் நன்றாக ஓடும் மெஷின்களோடு கெட்டுப்போன ஒன்றையும் வையுங்கள். காரணத்தைக் கண்டுபிடிப்பவனுக்கு ரெக்கார்டில் மார்க் கொடுங்கள். இரண்டு, மெஸ்ஸிலும் ஒர்க்ஷாப்பிலும் ஒரு நோட்டு இருக்கட்டும். எது கெட்டது, எப்போது, என்ன சத்தம், என்ன செய்தோம் என்று எழுதுவோம். அந்த நோட்டு இருந்திருந்தால் புளோயரை மேலே ஏற்றிய பிறகுதான் பேரிங் போக ஆரம்பித்தது என்று முதல் நாளே தெரிந்திருக்கும். மூன்றாவது கோரிக்கை உங்களுக்கும் எனக்கும். நாளை எந்தக் கம்பெனியில் சேர்ந்தாலும், மெஷினைத் தொடும் முன் அதைத் தினமும் ஓட்டுகிறவரிடம் போய், "எப்போலேர்ந்து இப்படி இருக்கு?" என்று கேட்போம். அவர் படித்தவரா, படிக்காதவரா என்று பார்க்க வேண்டாம். அந்த மெஷினோடு வாழ்கிறவர் அவர்.

இந்த மாதம் நான் ஹாஸ்டலைக் காலி செய்கிறேன். புளோயர் அமைதியாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஜூனியர் நண்பர்களே, அது மறுபடி உறும ஆரம்பித்தால் ஸ்பானரைத் தேடாதீர்கள். முதலில் அக்காவைத் தேடுங்கள்!

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை